“அப்ப அது தப்பான காசா, மேடம்?” – அறவியல் வகுப்பில் பதில் தெரியாமல் நின்ற ஆசிரியருக்கு

கடிதத்தின் சுருக்கம்

ராமநாதபுரம் கடற்கரையோரக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் துறை உதவிப் பேராசிரியராக இருக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். பிஎச்.டி. முடித்தவர், கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர், பாடம் நடத்துவதில் அனுபவம் உள்ளவர். சென்ற ஆண்டு விழுமியக் கல்விப் பாடத்தையும் அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். “துறையில் நான்தான் ஜூனியர், அதனால் எனக்கு வந்தது. எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித் தரவில்லை” என்கிறார்.

அவருடைய வகுப்பில் பாதிக்கு மேல் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒருநாள் கடல் வளம் பற்றிய பாடத்தில், கடல் அட்டை (கடலடி மணலில் வாழும், வெளிநாடுகளில் விலைபோகும் ஓர் உயிரினம்) பிடிப்பது குற்றம், கடலுக்குச் செய்யும் துரோகம் என்று பேசியிருக்கிறார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, “மேடம், எங்கப்பா அட்டை எடுத்துத்தான் எனக்கு ஃபீஸ் கட்டுனாரு. அப்ப அது தப்பான காசா? காலேஜ் அதத் திருப்பிக் குடுத்துருமா?” என்று கேட்டிருக்கிறார். சிலர் கைதட்டினார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆசிரியர் “அடுத்த யூனிட்டுக்குப் போவோம்” என்று சொல்லிப் பாடத்தை மாற்றிவிட்டார். அந்த மாணவர் இப்போது எல்லா வகுப்புக்கும் வருகிறார், இந்தப் பாடவேளைக்கு மட்டும் வருவதில்லை.

இதற்கிடையில், அறவியல், விழுமியக் கல்விப் பாடங்களை எடுக்கும் எல்லா ஆசிரியர்களுக்கும் ஐந்து நாள் பயிற்சி நடத்தும் பொறுப்பை முதல்வர் இவரிடம் ஒப்படைத்திருக்கிறார். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்குள் முடிக்க வேண்டுமாம். அவருடைய கேள்விகள் இவை: எனக்கே நடத்தத் தெரியாததை மற்றவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? யாரைப் பேச அழைப்பது? மாணவன் சொன்னதை வனத்துறையிடம் சொல்லாமல் இருப்பது தவறா? கருத்துக்கு எப்படி மதிப்பெண் போடுவது? பேசாமல் இந்தப் பொறுப்பை மறுத்துவிடலாமா?

அன்புள்ள பேராசிரியருக்கு,

அந்த மாணவர் உங்களை அவமானப்படுத்தக் கேட்டார் என்று கடிதத்தில் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துரோகம் என்ற சொல் நீங்கள் நினைத்த இடத்தில் விழாமல் அவருடைய வீட்டு வாசலில் போய் விழுந்தது. அறுபது பேருக்கு நடுவில் எழுந்து நின்று, நீங்கள் பேசுவது என் அப்பாவைப் பற்றி என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கூடவே அவர் கேட்டது நியாயமான கேள்வியும்கூட. தவறான வழியில் வந்த பணத்தில் பயன் பெறுபவனுக்கு அந்தத் தவறில் பங்கு உண்டா என்பது தத்துவத் துறையில் இன்றுவரை விவாதிக்கப்படும் விஷயம். உங்கள் பாடத்திட்டத்தின் ஐந்து யூனிட்டிலும் இவ்வளவு நல்ல கேள்வி ஒன்றுகூட இருக்காது என்று நினைக்கிறேன். உங்களிடம் உடனடிப் பதில் இல்லாமல் போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதில் இல்லாதபோது என்ன செய்வது என்ற பழக்கம் இல்லாததுதான் குறை. அதைப் பயிற்சியால் சரிசெய்துவிடலாம்.

புகார் செய்தே ஆக வேண்டுமா?

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்தக் கேள்விதான் என்பதால் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடல் அட்டை இனங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே பாதுகாப்பு. தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஆகவே நீங்கள் வகுப்பில் சொன்ன சட்டத் தகவல் சரிதான்.

ஆனால் காதில் விழுந்த ஒவ்வொரு குற்றத்தையும் குடிமக்கள் தாமே போய்ச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கொலை, கொள்ளை, ஆள் கடத்தல் போன்ற சில குற்றங்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மட்டும் அந்தக் கடமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33ஆம் பிரிவு விதிக்கிறது. வனவிலங்குக் குற்றம் அந்தப் பட்டியலில் கிடையாது. ஒரு விவாதத்தின் நடுவே மாணவர் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்ன ஒரு வரியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வனச்சரக அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. போனால், அந்தக் கல்லூரியில் இனி எந்த மாணவரும் எந்த ஆசிரியரிடமும் உண்மை பேச மாட்டார். அதிகாரிகள் நேரடியாக விசாரித்துக் கேட்டால் நிலைமை வேறு. அப்போது வழக்கறிஞரைக் கலந்துகொண்டு பதில் சொல்லுங்கள், பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

இதற்கு நேர்மாறான இடம் ஒன்று உண்டு. முதலாம் ஆண்டு மாணவர்களில் பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும். 18 நிறையாத ஒருவர் தனக்கு நடந்த பாலியல் கொடுமையைப் பற்றி உங்களிடம் சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கட்டாயக் கடமை. தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. ராகிங் பற்றித் தெரியவந்தாலும் கல்லூரி சும்மா இருக்க முடியாது. அறவியல் வகுப்பில்தான் பிள்ளைகள் மனம் திறப்பார்கள். அதனால் பருவத்தின் முதல் நாளிலேயே, “இங்கே பேசுவதை வெளியே கொண்டுபோக மாட்டேன், ஆனால் இன்னின்ன விஷயங்களை மட்டும் நான் மறைக்க முடியாது” என்று சொல்லிவிடுங்கள். உங்கள் ஐந்து நாள் பயிற்சியிலும் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சக ஆசிரியர்களில் பலருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இனி உங்கள் கடிதத்தில் ஊடாடி நிற்கும் ஒரு நம்பிக்கைக்கு வருகிறேன். நல்லதை அழுத்தமாக எடுத்துச் சொன்னால் பிள்ளைகள் நல்லபடி நடப்பார்கள், அப்படி நடக்காவிட்டால் சொன்ன விதத்தில் குறை இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் இந்தப் பாடம் இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது. கரும்பலகையில் ஒரு நீதி வரி, அதற்கு விளக்கம், ஒரு மகானின் வாழ்க்கைச் சம்பவம், கடைசியில் “ஆகவே மாணவர்களே” என்று ஒரு வேண்டுகோள்.

அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் 1920களில் 10,000க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். காப்பியடிக்கவும் பொய் சொல்லவும் வாய்ப்புள்ள சூழல்களை உண்டாக்கி, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். 1928இல் வெளியான முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. நேர்மை பற்றி நன்றாகப் பேசிய பிள்ளைகள் மற்றவர்களைவிட நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. ஒரு சூழலில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னொரு சூழலில் ஏமாற்றியது. நீதிபோதனை வகுப்புக்குப் போய்வந்ததாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியானால் இந்தப் பாடமே வீண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இறைச்சி உண்பதன் அறவியல் பற்றி ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்து விவாதிக்க வைத்தார்கள். மற்றப் பிரிவுக்குத் தானதர்மம் பற்றிய கட்டுரை. பிறகு பல்கலைக்கழக உணவகத்தில் அவர்கள் வாங்கியதன் ரசீதுகளைப் பார்த்தார்கள். முதல் பிரிவில் இறைச்சி உணவு வாங்கியது 52 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாகக் குறைந்திருந்தது. மற்றதில் மாற்றம் இல்லை. 2020இல் வந்த ஆய்வு இது. இறைச்சி சரியா தவறா என்பதில் நான் தலையிடவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. அங்கே யாரும் உபதேசம் செய்யவில்லை. கூர்மையான ஒரு வாதத்தை முன்வைத்து, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். அன்றாடம் கை வைக்கும் ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உங்கள் வகுப்பிலும் விஷயம் அன்றாட விஷயம்தான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்டதால் யோசிக்க அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

கடல் அட்டையை எப்படி நடத்தியிருக்கலாம்?

நீங்கள் விலங்கியல் படித்தவர். தத்துவம் படிக்காதவள் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். இந்தப் பாடத்துக்கு உங்கள் விலங்கியல் பெரிய பலம். அட்டை மணலைத் தின்று, அதிலுள்ள கழிவை எடுத்துக்கொண்டு, சுத்தமான மணலை வெளியே விடுகிறது என்று விளக்க உங்களால் முடியும். ஆணும் பெண்ணும் தண்ணீரிலேயே விந்தையும் முட்டையையும் விடுவதால், அருகருகே போதுமான எண்ணிக்கையில் இல்லாவிட்டால் கருத்தரிப்பே நடக்காது என்பதையும், அதனால் ஓரளவுக்குக் கீழே குறைந்துவிட்டால் மிச்சமிருப்பவையும் பெருகாது என்பதையும் சொல்ல முடியும். தடை எதற்கு என்று புரிய இது போதும். இதைச் சொல்லாமல் குற்றம் என்று மட்டும் சொன்னால், பிள்ளைகள் காதில் போலீஸ் குரல்தான் கேட்கும்.

அதே நேரம் மறுபக்கத்தையும் முழு பலத்தோடு வைக்க வேண்டும். பாக் நீரிணையின் அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் பெற்று அட்டை பிடிக்கலாம். ஒரே கடல், ஒரே உயிரினம், கோட்டுக்கு அந்தப் பக்கம் தொழில், இந்தப் பக்கம் சிறை. 2001க்கு முன்பு வரை இங்கேயும் அது முறையான தொழில்தான். தடை வந்தபோது அதை நம்பியிருந்த குடும்பங்களுக்கு என்ன மாற்றுவழி இருந்தது? வேறு மீனுக்கு விரித்த வலையில் அட்டை தானாக ஏறி வந்தால் என்ன செய்வது? முங்கி எடுப்பவருக்குக் கிடைப்பது எவ்வளவு, வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புபவருக்குக் கிடைப்பது எவ்வளவு, வழக்கு வந்தால் மாட்டுவது யார்? இவை சட்டத்தை மீறுவதற்கான சாக்குகள் அல்ல. ஒரு தடையின் சுமை யார் தோளில் விழுகிறது என்று கேட்பதும் அறவியல்தான்.

இதை நடத்தும்போது எந்த மாணவரையும் அவருடைய வீட்டைப் பற்றிப் பேச வைக்காதீர்கள். “ஒரு கரையோர ஊரில் ஒருவர் இருக்கிறார்” என்று தொடங்குங்கள். அவருக்கு வயது, பிள்ளைகள், கடன், படகில் பங்கு என்று எல்லாம் கொடுங்கள். வகுப்பில் உண்மையாகவே அந்த நிலையில் இருக்கும் பிள்ளை, தன்னைக் காட்டிக்கொள்ளாமலே தன் நியாயத்தைப் பேச இது இடம் கொடுக்கும். பிறகு வகுப்பை நாலைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை அந்த மீனவராகவும், ஒன்றை வனத்துறை அலுவலராகவும், ஒன்றை வியாபாரியாகவும், ஒன்றை 20 ஆண்டு கழித்து அதே கடலில் தொழில் பார்க்கப்போகும் பிள்ளையாகவும் பேசச் சொல்லுங்கள். மீனவ வீட்டுப் பிள்ளைக்கு அலுவலர் வேடத்தையும், அலுவலர் வீட்டுப் பிள்ளைக்கு மீனவர் வேடத்தையும் கொடுங்கள்.

அந்த நேரத்தில் பழைய கேள்வி மறுபடி எழுந்தால்? “நீ கேட்டது பெரிய கேள்வி. எனக்கு இப்போது பதில் தெரியவில்லை. இதை மூன்று கேள்வியாகப் பிரித்துப் பார்ப்போமா?” என்று சொல்லிப் பலகையில் எழுதுங்கள். செய்தது தவறா? செய்தவர் எந்த அளவுக்குப் பழிக்கு உரியவர்? அதனால் பயன்பெற்றவருக்கு என்ன பொறுப்பு? மூன்றுக்கும் ஒரே பதில் வர வேண்டியதில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிவதே ஒரு பெரிய ஆறுதல். செயல் தவறு என்று ஒப்புக்கொண்டே, என் அப்பா கெட்டவர் இல்லை என்று ஒரு பிள்ளையால் சொல்ல முடிய வேண்டும்.

நீங்கள் எந்தப் பக்கம் என்று அவர்கள் கேட்பார்கள். ஆசிரியர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் பாதிதான் ஏற்கிறேன். விவாதம் முடியும்வரை உங்கள் கருத்தை வைத்துக்கொள்ளுங்கள்; சொல்லிவிட்டால் பாதிப்பேர் அதையே திருப்பிச் சொல்வார்கள். கடைசியில் கேட்டால் காரணத்தோடு சொல்லுங்கள், மறுக்கவும் இடம் கொடுங்கள். ஆனால் எல்லாவற்றிலும் நடுநிலை என்று ஒன்று கிடையாது. சாதியைச் சொல்லி ஒருவரை இழிவாகப் பேசுவதும், ஒரு பெண்ணின் படத்தை அவளைக் கேட்காமல் பரப்புவதும் “இரண்டு பக்கமும் யோசிப்போம்” என்று நடத்தக்கூடிய தலைப்புகள் அல்ல. நியாயமானவர்கள் வேறுபடக்கூடிய கேள்வி எது, வேறுபட இடமே இல்லாதது எது என்று பிரித்தறிவதுதான் அறவியல் ஆசிரியருக்கு வேண்டிய முதல் திறமை. உங்கள் பயிற்சியில் ஒரு முழு அமர்வை இதற்குக் கொடுத்தாலும் தகும்.

பயிற்சிக்கு யாரை அழைப்பது?

யாரையும் அழைக்காதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. குறைந்தபட்சம் முதல் மூன்று நாளுக்கு. பொன்னாடை, குத்துவிளக்கு, ஒன்றரை மணி நேரச் சொற்பொழிவு, கேள்விக்கு ஐந்து நிமிடம், குழுப்படம் என்று போகும் பயிற்சியால் ஓர் ஆசிரியரின் வகுப்பும் மாறாது. மாணவர்களிடம் பலிக்காத உபதேசம் ஆசிரியர்களிடம் மட்டும் எப்படிப் பலிக்கும்?

நம் கல்லூரி ஆசிரியர்கள் பாடத்தில் ஆழமாகப் படித்தவர்கள். ஆனால் கற்பிப்பதற்கென்று முறையான பயிற்சி பெறாமலே வேலைக்கு வருபவர்கள். பள்ளி ஆசிரியருக்கு பி.எட். உண்டு, கல்லூரி ஆசிரியருக்கு நெட்டும் பிஎச்.டி.யும் போதும். விரிவுரை ஆற்றுவதை நம் பழைய பேராசிரியர்களைப் பார்த்தே கற்றுக்கொண்டோம். விவாதம் நடத்துவதை எங்கே பார்த்தோம்? அதனால் பயிற்சியின் பெரும்பகுதி செய்து பார்ப்பதாகவே இருக்க வேண்டும். பி.எட். கல்லூரிகளில் மைக்ரோ டீச்சிங் என்று செய்வார்களே, அதே முறை. ஓர் ஆசிரியர் பதினைந்து நிமிடம் ஒரு பிரச்சினையை நடத்துவார். மற்றவர்கள் மாணவர்களாக உட்காருவார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் கடைசி பெஞ்ச் மாணவரைப் போல எழுந்து கேட்பார். நடத்தியவர் என்ன சொன்னார், எத்தனை விநாடி மௌனத்தைத் தாங்கினார், யாரைப் பேசவிடாமல் தடுத்தார் என்று பிறகு பேசுங்கள். அதே பகுதியை அவர் மறுபடி நடத்தட்டும்.

பிரச்சினைகளை வெளியூரிலிருந்து இறக்குமதி செய்யாதீர்கள். தண்டவாளத்தில் ஓடிவரும் ட்ராலி வண்டியைத் திருப்பிவிட்டு, ஒருவரைப் பலிகொடுத்து ஐவரைக் காப்பாற்றலாமா என்ற புத்தகப் புதிரை வைத்து இரண்டு மணி நேரம் பேசலாம், ஆனால் பிள்ளைகள் வீட்டுக்கு எதையும் எடுத்துப்போக மாட்டார்கள். உங்கள் கரையில் இல்லாததா? விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற ஏற்பாடு எப்படி வந்தது, யார் மீறுகிறார்கள், மீறும்போது நாட்டுப்படகுக்காரர் வலைக்கு என்ன ஆகிறது? 2000ஐ ஒட்டி மண்டபம் பக்கம் வளர்க்க வந்த கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி பல பெண்களுக்கு வருமானம் கொடுத்தது. அதே பாசி குருசடைத் தீவுப் பவளப்பாறைகளில் பரவியிருப்பதாக 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வருமானம் கண்முன் தெரிகிறது, பாதிப்பு கடலுக்கடியில் இருக்கிறது. இப்படிப்பட்ட நிலையில் முடிவெடுப்பது யார், எந்த ஆதாரத்தை வைத்து?

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்களின் கதையைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, முங்கிப் பாசி எடுப்பவர்கள் அவர்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆனபின் தாங்கள் காலங்காலமாகப் போய்வந்த இடத்துக்கே போகக் கூடாது என்று ஆனது. ஒருபக்கம் உரிமைக்காகப் பேசிக்கொண்டே, மறுபக்கம் எடுக்கும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். அந்த ஊரைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. கடலோர மக்களுக்கு அறம் கல்லூரியிலிருந்துதான் போக வேண்டும் என்ற நினைப்பு நம்மையறியாமல் நமக்குள் இருந்தால், அது கலைய இந்த ஒரு கதை போதும். நான்காம் நாள் பேச ஒருவரை அழைத்தே ஆக வேண்டும் என்றால், பாசி எடுக்கும் ஒரு பெண்மணியை அழையுங்கள். நீரேற்றம், நீர்வற்றம் பார்த்து அவருக்கு வசதியான நேரத்தை வையுங்கள். மற்ற விருந்தினருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தைக் கொடுங்கள்.

அவரைக் கொண்டே ஆய்வு நெறிமுறையையும் நடத்திவிடலாம். உங்கள் மாணவர்கள் புராஜெக்டுக்காகக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு அந்த ஊர்களுக்குப் போகிறார்கள். கடலிலிருந்து ஈரத்தோடு கரையேறுபவரை நிறுத்தி நாற்பது கேள்வி கேட்டு, எதற்கு என்று புரியாத தாளில் கையெழுத்து வாங்கி, படமும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தத் தாளில் இருப்பது சம்மதமா? ஆய்வு முடிந்தபின் அவருக்கு யாராவது முடிவைப் போய்ச் சொன்னார்களா? பிஎச்.டி. மாணவர்களுக்கு ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறை என்ற இரண்டு கிரெடிட் பாடத்தை 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கட்டாயமாக்கியது. அதில் கருத்துத் திருட்டு பற்றி நிறையப் பேசுகிறோம். தகவல் கொடுத்தவரைப் பற்றியும் அதே அளவுக்குப் பேச வேண்டும்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் உங்கள் சொல்லைவிட உங்கள் கல்லூரியைத்தான் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியது தெரிந்தும் கையெழுத்துப் போடுவது, மாணவர் எழுதிய கட்டுரையில் உழைக்காத ஆசிரியரின் பெயர் முதலில் வருவது, பிடிக்காதவருக்கு இன்டர்னல் மதிப்பெண்ணில் கை வைப்பது: இவை நடக்கும் கட்டிடத்தில் அறவியல் பாடவேளை எடுபடாது. ஐந்து நாளில் ஒரு நாளை இதற்கென்றே வையுங்கள். பெயர் சொல்லாமல், குற்றம் சாட்டாமல், “நம் துறையில் நாம் கண்டும் காணாமல் விடும் ஒன்று” என்று ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லிக் கலந்து படித்துப் பேசுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். அந்தச் சங்கடத்தில் உட்கார்ந்து பார்த்த ஆசிரியரால்தான் மாணவரின் சங்கடத்தைக் கையாள முடியும்.

கருத்துக்கு மதிப்பெண்

கருத்துக்கு மதிப்பெண் போடவே கூடாது. தடை சரி என்பவரும் தவறு என்பவரும் முழு மதிப்பெண் வாங்க முடிய வேண்டும். தகவல் சரியா, பாதிக்கப்படும் யாரையாவது விட்டுவிட்டாரா, எதிர்ப்பக்க நியாயத்தை அந்தப் பக்கத்தவரே “ஆமாம், இதைத்தான் சொல்கிறோம்” என்று ஏற்கும்படி எழுதியிருக்கிறாரா, தன் முடிவுக்குக் காரணம் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள்.

ஜேம்ஸ் ரெஸ்ட் என்ற உளவியலாளர் அறச்செயலை நான்காகப் பிரித்தார்: இங்கே ஒரு பிரச்சினை இருக்கிறது என்று கண்டுகொள்வது, எது சரி என்று தீர்மானிப்பது, மற்ற ஆசைகளைவிட அதற்கு முன்னிடம் கொடுப்பது, அதை உறுதியோடு செய்து முடிப்பது. நம் தேர்வுகள் இரண்டாவதைத் தாண்டுவதில்லை. ஆனால் பெரும்பாலோர் தடுக்கி விழுவது நான்காவதில்தான். தவறு என்று தெரியும், மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாது. மேரி ஜென்டைல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதற்கென்றே ஒரு பயிற்சிமுறையை உருவாக்கினார். எது சரி என்ற விவாதத்தை ஓரமாக வைத்துவிட்டு, சரி என்று தெரிந்ததை யாரிடம், எப்போது, என்ன வார்த்தையில் சொல்வது என்று ஒத்திகை பார்ப்பது. இன்டர்னலில் பத்து மதிப்பெண்ணை இப்படி ஓர் ஒத்திகைக்குக் கொடுத்துப் பாருங்கள். “கம்பெனி லேப் அறிக்கையில் எண்ணை மாற்றச் சொல்கிறார் உன் மேலாளர். என்ன பேசுவாய்? ‘உன் வேலை போய்விடும்’ என்று அவர் மிரட்டினால்?” பேசத் தெரியாத பிள்ளை என்று நாம் நினைப்பவர் எழுந்து பேசுவதைப் பார்ப்பீர்கள்.

அந்த மாணவரை என்ன செய்வது?

துறை அறைக்குக் கூப்பிட்டு விடாதீர்கள், விசாரணை போலத் தோன்றும். வராந்தாவில் பார்க்கும்போது நிறுத்தி, நேராகச் சொல்லுங்கள்: “அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லாமப் போனது சரியில்ல. துரோகம்னு நான் சொன்னது உங்க வீட்டைக் காயப்படுத்தியிருக்கும். நீ சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லப்போறதும் இல்ல. அடுத்த வாரம் அதே விஷயத்தை வேற மாதிரி நடத்தப்போறேன், நீ வரணும்.” அவருடைய அப்பாவின் தொழிலை விடச் சொல்லி அறிவுரை தராதீர்கள். வருகைக் குறைவைக் காட்டி மிரட்டவும் வேண்டாம். வராமல் போனால் விட்டுவிடுங்கள். வந்தால், அவர் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தாதீர்கள். வகுப்பு முழுக்க அவரைத் திரும்பிப் பார்க்கும்.

ஊரில் யாராவது, மீனவர்களைக் கேவலமாகப் பேசுகிறார்கள் என்று பிரச்சினை கிளப்புவார்களோ என்ற உங்கள் பயத்தையும் நான் ஒதுக்கவில்லை. வகுப்பில் பேசியதில் பத்து விநாடியை மட்டும் ஃபோனில் பிடித்துப் பரப்பினால் எந்த நல்ல விவாதமும் விபரீதமாகத் தெரியும். எனவே எடுக்கப்போகும் பிரச்சினையையும் அதன் கேள்விகளையும் லெசன் பிளானில் எழுதித் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுங்கள். விவாத வேளையில் ஃபோன் பைக்குள் இருக்க வேண்டும் என்பதை வகுப்பே சேர்ந்து விதியாக்கட்டும்.

பொறுப்பை மறுக்க வேண்டாம். நீங்கள் மறுத்தால் அது குத்துவிளக்கும் சொற்பொழிவுமாக முடிந்துபோகும். ஆனால் ஏற்கும் முன் முதல்வரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். ஐந்து நாளையும் ஒரே மூச்சில் வைக்காமல், மூன்று நாளைப் பருவத் தொடக்கத்திலும், ஆசிரியர்கள் வகுப்பில் நடத்திப் பார்த்துவிட்டு வந்தபின் மீதி இரண்டு நாளைப் பருவத்தின் நடுவிலும் வைக்க அனுமதி. ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் உட்கார்ந்து பார்க்க, மாதம் ஒரு பாடவேளை விடுவிப்பு. மூன்றாவது, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: காலையில் இரண்டு வேளைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புபவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது, அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும்.